மதுரை – சென்னை: டிக்கெட்டில் மிச்சம், ஆட்டோவில் செலவு

சென்னைக்குப் போய்வர நாம் போடும் கணக்கு பெரும்பாலும் ரயில் டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது. ஸ்லீப்பரா, செகண்ட் சிட்டிங்கா, பஸ்ஸா என்று நாலு நாள் அலசுவோம். எழும்பூரில் இறங்கியதும் எதிரே நிற்கிற ஆட்டோவில் ஏறி, மிச்சம் பிடித்ததை அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவோம். அதனால் இங்கே ஊர்ப் பயணம் தனி, உள்ளூர்ப் பயணம் தனி என்று பிரிக்காமல் ஒரே கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு, மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு கணவன், மனைவி. தி.நகரில் துணி எடுக்க வேண்டும், மயிலாப்பூரில் சாமி கும்பிட வேண்டும், முடிந்தால் மெரினா.

முதலில் வைகையும் பாண்டியனும். மதுரையிலிருந்து எழும்பூர் 490 கிலோமீட்டர் சொச்சம். பகலில் ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் செகண்ட் சிட்டிங் ஆளுக்கு 200 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். இரவில் ஓடும் பாண்டியனில் ஸ்லீப்பர் 300 ரூபாயைத் தாண்டும். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் வைகைதான் மலிவு. ஆனால் வைகை எழும்பூரைத் தொடும்போது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆகியிருக்கும். சாப்பிட்டு வெளியே வருவதற்குள் பகல் போய்விடும், ராத்தங்க லாட்ஜ் பார்க்க வேண்டும். பாண்டியன் விடியற்காலையில் இறக்கிவிடுகிறது. முழுப் பகல் கையில் இருக்கிறது, மறுபடி அன்று இரவே பாண்டியன் ஏறினால் லாட்ஜே தேவையில்லை. ஒரு வழிக்கு இருவருக்குமாக 300 ரூபாய்க்குள் கூடுதலாகக் கொடுத்து ஒரு நாள் ரூம் வாடகையைத் தவிர்க்கிறோம். என் ஓட்டு பாண்டியனுக்கு.

சென்னையில் சித்தி வீடோ அண்ணன் வீடோ இருந்தால் கணக்கு மாறும், வைகை ஜெயிக்கும். வெறுங்கையோடு போக முடியாது என்பதால் ஸ்வீட், பூ, பழத்துக்கு ஒரு தொகையை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்ரிசர்வ்டில் போனால் இன்னும் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு என்று பாருங்கள். செகண்ட் சிட்டிங் முன்பதிவுக் கட்டணம் 15 ரூபாய். ஐஆர்சிடிசியில் ஏசி இல்லாத வகுப்புக்கு யுபிஐ மூலம் பணம் கட்டினால் சேவைக் கட்டணம் 10 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுவும் ஆளுக்கு இல்லை, ஒரு டிக்கெட்டுக்கு. இந்தச் சில்லறைக்காக ஏழு மணி நேரத்துக்கு மேல் கதவோரம் நின்றுகொண்டு வருவது சிக்கனத்தில் சேராது.

தட்கல் என்றால் வைகைக்கு ஒரு தனிப் பலம் உண்டு. தட்கல் கூடுதல் கட்டணம் செகண்ட் சிட்டிங்குக்கு அதிகபட்சம் 15 ரூபாய்தான். ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சமே 100, அதிகபட்சம் 200. ஆக, திடீர்ப் பயணத்தில் இரண்டு ரயிலுக்கும் உள்ள இடைவெளி இன்னும் விரிந்துவிடும். இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னாலேயே திறக்கிறது. தேதி தெரிந்த பயணத்துக்குத் தட்கல் வரை போவது வீண். தட்கல்தான் வழி என்றால் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதுக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வைத்திருக்க வேண்டும்.

வந்தே பாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேர் கார் ஆயிரத்தைத் தாண்டும், வைகையைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரம் மிச்சமாகும். போவதென்றால் முன்பதிவின்போது சாப்பாடு வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் கட்டணம் நன்றாகவே குறையும். நாகர்கோவில் வந்தே பாரத் எழும்பூர் வரும்போது இரவு 11 மணியை ஒட்டிவிடும், மெட்ரோவும் அந்த நேரத்தோடு முடிந்துவிடும். அப்புறம் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை.

பஸ் விஷயம் 2023 டிசம்பர் கடைசியில் மாறிப்போனது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசுப் பேருந்துகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் இறங்கி நேரே வடபழனிக்கும் அண்ணாநகருக்கும் போன காலம் முடிந்தது. கிளாம்பாக்கம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குள் வர இன்னொரு பஸ், இன்னொரு ஒரு மணி நேரம். விடிகாலையில் பையும் தூக்கமுமாக இறங்கும் குடும்பம் அதற்குப் பொறுமை இல்லாமல் கால் டாக்ஸி போட்டால், அந்த ஒரு சவாரியிலேயே ரயிலைவிடப் பஸ் விலை கூடிவிடும். தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் பஸ் இன்றைக்கும் லாபம்.

சரி, ரயிலில் எங்கே இறங்குவது? எழும்பூர் வரை டிக்கெட் இருக்கிறது என்பதற்காக எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. போகும் இடம் குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி பக்கம் என்றால் தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலுக்கு மாறுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்குமே சாதா மின்சார ரயிலில் 10 ரூபாய்தான், இடையில் எங்கே போனாலும் அதற்குள். எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு லோக்கலில் ஏறாதீர்கள், புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும். பிடிபட்டால் குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய். கவுன்டர் வரிசை நீளமாக இருந்தால் ரயில்ஒன் செயலியிலோ தானியங்கி மெஷினிலோ எடுக்கலாம்.

நம் தம்பதிக்கு எழும்பூர்தான் வசதி என்று வைத்துக்கொள்வோம். காரணம், காசு கட்டி மூட்டையை வைத்துவிட்டுப் போகும் க்ளோக் ரூம். மூட்டை இருந்தால் பஸ்ஸில் ஏறத் தயங்குவோம், படி ஏறத் தயங்குவோம், உடனே ஆட்டோ. அதை இறக்கி வைத்துவிட்டால் பாதிச் செலவு குறையும். பெட்டியில் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள். ஜிப் வைத்த பேக் என்றாலும் ஒரு சின்னப் பூட்டு வேண்டும், ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள், டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். இதற்கான கட்டணம் ஒரு காபி, டிபன் காசுக்குள் அடங்கும்.

எழும்பூரிலிருந்து தி.நகருக்கு மின்சார ரயிலா, மெட்ரோவா? இதில் போட்டியே இல்லை. எழும்பூர் மெட்ரோ இருப்பது பச்சை வழித்தடத்தில். நந்தனம், தேனாம்பேட்டை இருப்பது நீல வழித்தடத்தில். சென்ட்ரல் வரை எதிர்த்திசையில் போய், மாறி, மறுபடி தெற்கே வந்து, இறங்கியும் இன்னொரு ஆட்டோ தேட வேண்டும். மின்சார ரயிலில் 5 ரூபாய்க்கு மாம்பலம். ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்தால் ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டத்தில் நீந்த விருப்பமில்லாதவர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 2023-இல் திறந்த ஆகாய நடைமேம்பாலம் இருக்கிறது.

தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்குப் பஸ்தான் சரி. இங்கேதான் இருவரின் கணக்கும் பிரிகிறது. 2021 மே மாதத்திலிருந்து ‘வைட் போர்டு’ எனப்படும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். வெளியூர்ப் பெண் என்பதால் தடை ஒன்றுமில்லை, ஏறிக் கேட்டால் பூஜ்யம் ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். முன்புறம் பிங்க் அடித்த வண்டிகளை எளிதில் அடையாளம் காணலாம். அவசரத்தில் சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டால், “இது வைட் போர்டு இல்லம்மா, டிக்கெட் எடுக்கணும்” என்று கண்டக்டர் சொல்வார். அதன் கட்டணம் சாதாரண பஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் பொறுமைதான் இங்கே பணம். பெண்கள் மட்டும் நாலு பேராகப் போகும் பயணம் என்றால் மின்சார ரயிலைக்கூட மறந்துவிட்டு நாள் முழுக்க வைட் போர்டிலேயே சுற்றலாம்.

மயிலையிலிருந்து மெரினாவுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. திருமயிலையில் ஏறிக் கலங்கரை விளக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கி நடந்தால் கடற்கரை. இதற்கும் 5 ரூபாய்தான். குறை என்னவென்றால், ஸ்டேஷன்கள் பிரம்மாண்டமாகவும் ஆளரவம் இல்லாமலும் இருக்கும், வண்டிகளும் நெருக்கமாக ஓடாது. பகலிலும் மாலையிலும் சரி. இருட்டிய பிறகு குழந்தைகளோடு என்றால் காமராஜர் சாலையில் பஸ் பிடிப்பேன்.

மெட்ரோவை நான் ஒதுக்கிவிடவில்லை. கோயம்பேடு, வடபழனி, விமான நிலையம் போக வேண்டுமென்றால், அதுவும் மே மாத வெயிலில், கொடுக்கிற காசு தகும். கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. கவுன்டரில் காகித டிக்கெட் வாங்காமல் வாட்ஸ்அப்பிலோ செயலியிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் மின்சார ரயில் நிலையம் இருப்பதையும் நினைவில் வையுங்கள், மெட்ரோ கட்டணத்தில் கால் பங்குகூட ஆகாது. 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயில் வேறு ரகம். குறைந்தபட்சம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 85. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே தூரம் 10 ரூபாய்க்கு ஓடுகிறது.

ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 2013-இல் போட்டது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் இன்று யாரும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. தெருவில் பேரம் பேசுவதைவிடச் செயலியில் போட்டு விலையைப் பார்த்துவிட்டு ஏறுவது மேல். ஒரு நாளைக்கு ஒரே ஓர் ஆட்டோ என்று வைத்துக்கொண்டால், அதைத் துணிப்பைகளோடு திரும்பும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தச் சுற்று முழுவதும் இருவருக்குமாக 50 ரூபாயை ஒட்டித்தான் வரும். எல்லாமே ஆட்டோ என்றால் ஐந்நூறுக்குக் கீழே முடியாது.

திரும்பும்போது ஒரு விஷயம். கடைசியாக வேலை முடிவது குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் என்றால், முன்பதிவு செய்யும்போதே ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைக் கொடுத்துவிடுங்கள். எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால், அதற்குள் டிக்கெட் பரிசோதகர் உங்களை ஆப்சென்ட் போட்டு, பெர்த்தை ஆர்ஏசி-யில் (முழு பெர்த் கிடைக்காமல் உட்கார மட்டும் இடம் பெற்று) இருந்தவருக்குக் கொடுத்திருக்கலாம்.