ஜிம்னியா, ராங்லரா? எடை போட்டுப் பார்த்தபோது

கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்கான சின்ன நான்கு சக்கர இயக்க வண்டி சுசுகி ஜிம்னியை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் மனத்துக்குள் போட்டி நடந்தது அதே ரகத்துப் பெரிய வண்டியான ஜீப் ராங்லரோடுதான். நடுவில் ஒரு வாரம் லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நெருங்கிய நண்பர் ஒருவர் நான்கு கதவு ராங்லர் ரூபிகான் வைத்திருக்கிறார், கடினமான தடங்களுக்கென்றே வரும் ராங்லர் அது. இரண்டு வண்டிகளும் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாகப் போன பயணங்கள் நிறைய. இருந்தாலும் இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சொந்த வண்டியின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய லேடர் ஃபிரேம் வண்டிகள், இரண்டிலும் முன்னும் பின்னும் இடது வலது சக்கரங்களை இணைக்கும் முழு ஆக்சில், இரண்டிலும் மெதுவாக அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியர். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 100 குதிரைத்திறன். ராங்லரின் 2 லிட்டர் டர்போ 270 தருகிறது. நெடுஞ்சாலையில் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. போனால் ஜிம்னியின் எஞ்சின் 3,000 சுற்றுகளைத் தாண்டிக் கத்தும், பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின் இருக்கையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது 85 லிட்டர், அதாவது இரண்டு பைகள். இதையெல்லாம் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் ராங்லர் பக்கம் போய்விடலாம்.

என்னை ஜிம்னி பக்கம் இழுத்தது எடை. மூன்று கதவு ஜிம்னி காலியாக ஏறக்குறைய 1,100 கிலோ. நண்பரின் ரூபிகான் 2,000 கிலோவைத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கனமான வண்டிக்கு அகலமான டயர் இருப்பதால் தரையில் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடாது என்பார்கள். உண்மைதான். டயரில் காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் அது நீளவாக்கில் படர்ந்துகொள்ளும், ராங்லரும் மணலில் நன்றாகவே மிதக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் நான் யோசிக்காத ஒன்று இருக்கிறது: சிக்கிய பிறகு என்ன ஆகும்?

ஒருமுறை காய்ந்த ஆற்றுப் படுகையில் போனோம். மேலே பொருக்கு, அடியில் ஈர மணல். அவசரப்பட்டு நான்தான் முதலில் புதைந்தேன். தவறு முழுக்க என்னுடையது. டயர் காற்றைக் குறைக்கச் சோம்பல்பட்டு அப்படியே இறங்கிவிட்டேன். மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னால் தோண்டி, இரண்டு பலகை செருகி, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, கால் மணி நேரத்தில் வண்டி வெளியே வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் காற்றைக் குறைத்திருந்த ராங்லரே ஆக்சில் வரை இறங்கியது. அன்று மாலை முழுவதும் அதற்கே போய்விட்டது. தள்ளினால் அசையவே இல்லை. ஜாக் வைத்தால் ஜாக்தான் மணலுக்குள் போனது. என் வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம். ஜிம்னியின் நான்கு சக்கரமும் சுழன்று எனக்கு நானே குழி தோண்டிக்கொண்டதுதான் மிச்சம். எடை குறைந்த வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், துணைக்கு வந்த கனமான வண்டியைக் காப்பாற்றாது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்க முன்னால் பொருத்தும் வின்ச் வாங்கும்போதும் இதே கணக்குதான். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது பொது விதி. ஆளும் சாமானும் சேர்த்து ஜிம்னியின் உச்ச மொத்த எடை 1,435 கிலோ, எனவே 2,150 கிலோ இழுக்கும் சின்ன வின்ச் போதும். ராங்லருக்கு 3,600 கிலோவுக்குக் குறையக் கூடாது. வின்ச் பெரிதானால் கயிறு, அதை மாட்டும் ஷாக்கிள் வளையம், வின்ச்சைத் தாங்கும் பம்பர் எல்லாமே பெரிதாகும், முன் ஆக்சில் மேல் இன்னும் பாரம் ஏறும். சக்கரம் கழற்றி மாட்டுவதும் அப்படித்தான். ஜிம்னியின் 15 அங்குலச் சக்கரத்தைத் தனி ஆளாகத் தூக்கிப் பொருத்திவிடுவேன். ரூபிகானின் 33 அங்குல டயரை ஒருமுறை தூக்கிவிட்டு இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சிலியும் அர்ஜென்டினாவும் சந்திக்கும் எல்லையில் ஓஹோஸ் டெல் சலாடோ என்ற எரிமலை இருக்கிறது. 2007-இல் ஜீப் ராங்லர்களில் போன ஒரு ஜெர்மன் குழு அங்கே 6,646 மீட்டர் உயரம் வரை ஏறி, ஜீப் மட்டும்தான் இங்கே நிறுத்தலாம் என்று கேலியாக ஒரு பலகையும் நட்டுவிட்டு வந்தது. சில வாரங்களில் சிலியைச் சேர்ந்த இருவர் மாற்றியமைத்த சின்ன சுசுகியில் 6,688 மீட்டருக்குப் போய்விட்டார்கள். இரண்டுமே தயார்செய்த வண்டிகள், கடையில் வாங்கி அப்படியே ஓட்டிப் போனவை அல்ல. அதனால் இதை ஆதாரமாக வைக்கவில்லை. நண்பரைச் சீண்ட மட்டும் பயன்படுத்துவேன்.

சரி, ராங்லர் எங்கே ஜெயிக்கிறது? பாறையில். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரென்ஷியலில் சக்தி அந்தச் சக்கரத்திலேயே வீணாகச் சுழன்று தீரும். ஜிம்னி அந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்புகிறது. வேலை நடக்கும், ஆனால் அரை நொடி தாமதம் உண்டு, பிரேக் கடகடவென்று சத்தமும் போடும். ரூபிகானில் முன்னும் பின்னும் டிஃபரென்ஷியலையே பூட்டிவிடலாம். திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஒரு பொத்தானில் விடுவித்தால் முன் ஆக்சில் இன்னும் தாராளமாக மடங்கும். லோ ரேஞ்சில் ஜிம்னியின் விகிதம் 2:1, ரூபிகானின் விகிதம் 4:1. எண் பெரிதானால் வண்டி இன்னும் மெதுவாக ஊரும். செங்குத்து இறக்கத்தில் ராங்லர் எஞ்சின் பிடிப்பிலேயே ஆமைபோல இறங்கும்போது நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டிருப்பேன். பெரிய பாறைகளில் என் அனுபவமெல்லாம் அவர் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெற்றதுதான், அதனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தது: நான்கு கதவு ராங்லரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 3,008 மி.மீ., ஜிம்னியின் வீல்பேஸ் 2,250. மேட்டின் உச்சியில் அவர் வண்டி வயிறு தட்டி நின்ற இடங்களை நான் சத்தமில்லாமல் தாண்டியிருக்கிறேன்.

ஜிம்னிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பை நானும் செய்தேன். இரும்பு பம்பர், கூரை மேல் கேரியர், அதன் மேல் கூடாரம். மொத்த எடைக்கும் காலி எடைக்கும் இடையில் இருப்பது 300 கிலோ சொச்சம்தான். நான்கு பெரியவர்கள் ஏறினாலே ஏறக்குறைய தீர்ந்துவிடும். பாரம் ஏற ஏற, எதற்காக இந்த வண்டியை வாங்கினேனோ அது காணாமல் போனது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, திருப்பத்தில் சாய்ந்தது. ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் கழற்றினேன். குடும்பத்தோடு ஒரு வாரம் காட்டில் தங்குவது உங்கள் திட்டம் என்றால் ஜிம்னி வேண்டாம் என்றே சொல்வேன்.

பாதுகாப்பு சோதனையில் இரண்டுமே பெருமைப்படும்படி இல்லை. 2018-இல் ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், ஐந்துக்கு ஜிம்னிக்கு மூன்று நட்சத்திரமும் ராங்லருக்கு ஒரே ஒரு நட்சத்திரமும் கொடுத்தது. 2020-இல் டிஃபெண்டர் ஐந்து வாங்கியது. டிஃபெண்டர் லேடர் ஃபிரேமை விட்டு, உடலும் சட்டமும் ஒன்றேயான மோனோகாக்குக்கு மாறிய வண்டி. ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் தரையிலிருந்து 291 மி.மீ. கிளியரன்ஸ், 900 மி.மீ. தண்ணீரில் இறங்கும், 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும். நீண்ட தூரம் போவதற்கு மூன்றிலும் அதுதான் சுகம். எடை 2,200 கிலோவுக்கு மேல் என்று பார்த்ததும் நான் அதை மூடிவைத்தேன், வேறு காரணம் இல்லை.

ஐந்து கதவு ஜிம்னியைப் பற்றியும் கேட்கிறார்கள். அரை மணி நேரம் தார்ச்சாலையில் ஓட்டியதோடு சரி. பின்னால் உட்கார இடம் தாராளம். வீல்பேஸ் 2,590 ஆகிவிட்டதால் மேட்டைத் தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது.

நண்பர் ராங்லரை விற்கப் போவதில்லை, நானும் மாற்றப் போவதில்லை. மணல் தடம் வந்தால் இப்போதெல்லாம் நான் முன்னால் போய்விடுகிறேன். அந்தப் பக்கம் ஏறியதும் முதல் வேலையாக, அவருடைய வின்ச் கயிற்றைக் கட்ட வாகாக ஒரு மரம் பார்த்து வைக்கிறேன்.