கேஸில் இயங்கும் பெல்லட் பிஸ்டல்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

இலக்குப் பயிற்சிக்காகக் கார்பன் டை ஆக்சைடில் இயங்கும், பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டுகளைச் சுடும் பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, அது எவ்வளவு வேகத்தில் சுடும் என்பதைத்தான். பல ஆண்டுகளாக இத்தகைய பிஸ்டலைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், தேர்வுக்கு அந்த எண் மிகக் குறைவாகவே உதவுகிறது என்று உறுதியாகச் சொல்வேன். 10 மீட்டர் தொலைவில் இருக்கும் காகித அட்டையைத் துளைக்க நொடிக்கு 120 மீட்டர் வேகம் தாராளமாகப் போதும். அந்த வேகம் ஒவ்வொரு முறையும் மாறாமல் கிடைக்கிறதா, டிரிகர் எப்படி விடுபடுகிறது, குறிபார்க்க உதவும் சைட்டைத் திருத்திக்கொள்ள முடிகிறதா, பெல்லட் குழலுக்குள் நேராக அமர்கிறதா என்பவைதான் அட்டையில் விழும் துளைகளைத் தீர்மானிக்கின்றன.

சந்தையில் இருப்பவற்றை இரண்டு வகைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். உண்மையான கைத்துப்பாக்கியின் தோற்றத்தில் அமைந்து, சுழலும் வட்டில் பல பெல்லட்டுகளை ஏற்றிக்கொள்பவை ஒரு வகை. எட்டு பெல்லட்டுகள் கொள்ளும் வட்டுடன் வரும் வால்தர் சிபி88 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. குழலின் பின்புறத்தைத் திறந்து மூடும் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு பெல்லட்டாகக் கையால் வைத்துச் சுடுபவை மற்றொரு வகை. கிராஸ்மன் 2240 அப்படிப்பட்டது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வகையைச் சேர்ந்த, 4.5 மி.மீ. குழல் கொண்ட பிஸ்டல். காரணம் எளிது. வட்டு முறையில் பெல்லட் ஒரு சிறு இடைவெளியைத் தாண்டித்தான் குழலுக்குள் நுழைகிறது; அந்தத் தாண்டலில் அதன் விளிம்பு ஒரு பக்கமாகச் சிறிது நசுங்கினாலும், சில துளைகள் கூட்டத்தை விட்டு விலகிப் போய்விடும். போல்ட் முறையில் பெல்லட்டின் தலை குழலின் உட்புறத்தில் உள்ள ரைஃப்லிங் எனும் சுருள் பள்ளங்களில் பதிந்து உட்காருவதை விரல் நுனியிலேயே உணர முடிகிறது. அதோடு, ஒவ்வொரு முறையும் கையைத் தாழ்த்தி, பெல்லட்டை எடுத்து, வைத்து, மீண்டும் உயர்த்த வேண்டியிருப்பதால் அவசரமாகச் சுடும் பழக்கம் தானாகவே குறைகிறது. பொழுதுபோக்காக டின்களைச் சுட வட்டு முறை நன்றாகவே இருக்கும். மதிப்பெண் எண்ணிப் பழக விரும்புபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

5.5 மி.மீ. குழலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி 4.5 மி.மீ. அளவில்தான் நடக்கிறது, துல்லியத்துக்கென்றே தயாரிக்கப்படும் தட்டைத் தலை பெல்லட்டுகளில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அந்த அளவில்தான் அதிகம். அட்டைப் பயிற்சிக்கு வேறு அளவை நாட எந்தத் தேவையும் இல்லை.

கேஸைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பிஸ்டலைப் பயன்படுத்துவது கடினம் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விரல் நீளமுள்ள எஃகு சிலிண்டருக்குள் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு பெரும்பகுதி திரவமாகவே இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் திரவமேனும் மிஞ்சியிருக்கும் வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். எவ்வளவு கேஸ் செலவாகியிருக்கிறது என்பது அல்ல. 20 டிகிரி செல்சியஸில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 57 பார். 10 டிகிரியில் அது 45 பாராக இறங்குகிறது. 30 டிகிரியில் 72 பாரை எட்டுகிறது. ஒரே பிஸ்டல் குளிர்ந்த காலையில் தாழ்வாகவும் வெயில் ஏறிய நண்பகலில் உயர்வாகவும் சுடுவதற்கு இதுவே காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 34 மி.மீ. கீழே இறங்குகிறது, வேகம் 100 மீட்டராகக் குறைந்தால் இறக்கம் 49 மி.மீ. ஆகிறது. போட்டி அட்டையில் 10 வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். ஆகவே, அதன் நடுவுக்குச் சரியாகக் குறிவைக்கப்பட்ட பெல்லட், கேஸ் குளிர்ந்ததால் மட்டுமே 9 வளையத்தின் கீழ் விளிம்புக்கு இறங்கிவிடும். சுடுபவரின் கை அதில் எந்தத் தவறும் செய்திருக்காது.

வெளிவெப்பம் மாறாவிட்டாலும், விரைவாக அடுத்தடுத்துச் சுட்டால் இதே விளைவுதான். திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இடைவிடாமல் பத்துப் பன்னிரண்டு முறை சுட்ட பிறகு சிலிண்டர் இருக்கும் குழாயைத் தொட்டால் விரல் சில்லிடும், ஈரக்காற்றுள்ள நாளில் அதன் மேல் நீர்த்துளிகள் அரும்பி நிற்கும். அந்த நிலையில் சுடும் ஓசையே மந்தமாகிவிடுவதைக் காது கண்டுகொள்ளும். நான் ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் குறைந்தது அரை நிமிடம் விடுகிறேன். போட்டியில் 60 சூடுகளுக்கு 75 நிமிடங்கள் தரப்படுகின்றன. அதாவது, ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் நிமிடம். அந்த நிதானத்தில் பயிற்சி செய்பவருக்குக் கேஸ் குளிர்வது ஒரு பிரச்சினையாகவே இருக்காது. திரவம் முழுவதும் தீர்ந்த பிறகு அழுத்தம் மளமளவென்று சரியத் தொடங்கும். ஒரு சிலிண்டரில் எத்தனை சூடுகள் சீராகப் போகின்றன என்பதை அட்டையில் எண்ணித் தெரிந்துகொண்டு, அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது நல்லது. இந்த அளவுள்ள பல பிஸ்டல்களில் நாற்பது சூடுகளுக்குப் பக்கமாக அந்த எல்லை வரும்.

அடுத்து டிரிகர். என் அனுபவத்தில், ஒரு பிஸ்டலின் விலையில் உள்ள வேறுபாட்டுக்கு உண்மையான நியாயம் இங்கேதான் இருக்கிறது. சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. போட்டிப் பிஸ்டல்கள் அந்த எல்லைக்கு அருகிலேயே, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் தெளிவாக விடுபடும். பொதுப் பயன்பாட்டு கேஸ் பிஸ்டல்களின் டிரிகர்கள் அதைப்போலப் பல மடங்கு கனமானவை. கனத்தைக் கூடப் பழக்கத்தால் சமாளித்துவிடலாம். இழுக்கும் வழியில் கரடுமுரடாக நகர்ந்து, எந்த இடத்தில் விடுபடும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் சமாளிக்க முடியாது. என் பிஸ்டலில் தொடக்கத்தில் அந்த நகர்வு இருந்தது. உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று பழகப் பழக அது வெகுவாகக் குறைந்தது. திருத்தும் திருகைக் கொண்டு மிச்சத்தையும் ஓரளவு சரிசெய்துகொண்டேன். எனவே, டிரிகரைத் திருத்தும் வசதி உண்டா என்பதை வாங்கும் முன் கட்டாயம் பாருங்கள். டிரிகரை இழுக்கும்போதே சுத்தியலும் பின்னுக்குப் போய்ச் சுடும் இரட்டை இயக்கம் கொண்ட பிஸ்டலாக இருந்தால், சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட முடிகிறதா என்று பாருங்கள். நீண்ட இழுப்பு ஒன்றை மட்டுமே நம்பி இலக்குப் பயிற்சி செய்வது வீண் உழைப்பு.

சைட்டைப் பொறுத்தவரை, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் முக்கியம். அது 250 மி.மீ. ஆக இருக்கும் பிஸ்டலில், முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் பெல்லட் 20 மி.மீ. விலகி 8 வளையத்தில் விழும். அதே விலகல் 320 மி.மீ. தூரமுள்ள பிஸ்டலில் 16 மி.மீ.க்கும் குறைவாகவே இருக்கும், மதிப்பெண் 9. தோற்றத்துக்காகக் குட்டையான மாதிரியை எடுப்பவர்கள் இந்த ஒரு வளையத்தை ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்கிறார்கள். பின் சைட் மேலும் கீழும், இடமும் வலமும் திருகித் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். நகராத சைட் உள்ள பிஸ்டலில், பெல்லட்டை மாற்றினாலும் பருவம் மாறினாலும் குறிவைக்கும் இடத்தையே மாற்ற நேரிடும். சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிவைக்க உதவும் ரெட் டாட் பொருத்தினால் பழகுவது எளிதுதான் என்றாலும், போட்டிக்குப் போக எண்ணுபவர் திறந்த சைட்டிலேயே பழகட்டும். 10 மீட்டர் போட்டியில் அதற்கு மட்டுமே அனுமதி.

கிரிப் கைக்குப் பொருந்துகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. கேஸும் பெல்லட்டும் இல்லாத பிஸ்டலைப் பிடித்து, கண்களை மூடியபடி கையைப் பாதுகாப்பான ஒரு திசையில் உயர்த்தித் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பிளவுக்கு நடுவில் நின்றால் பொருத்தம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், அந்தக் கிரிப் உங்கள் மணிக்கட்டோடு ஓயாமல் சண்டை போடும்.

பெல்லட்டில் தட்டைத் தலையுள்ளவற்றையே அட்டைக்குப் பயன்படுத்துங்கள். அவை அச்சில் வெட்டியதுபோல் வட்டமான துளையிடுவதால் மதிப்பெண் பார்ப்பதில் ஐயம் வராது. ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள இரண்டு மூன்று தயாரிப்புகளை வாங்கி, ஒரே நாளில் மேசை மேல் கையை ஊன்றிச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழலுக்கு எது உகந்தது என்று முடிவுசெய்யலாம். சிறு எஃகு உருண்டைகளான பிபி குண்டுகளை ரைஃப்லிங் உள்ள குழலில் ஒருபோதும் போடக்கூடாது. பள்ளங்கள் தேய்வதோடு, அவை கடினமான பரப்பில் பட்டுத் திரும்பியும் வரும்.

பராமரிப்பில் கவனம் வேண்டியது, கேஸ் கசியாமல் தடுக்கும் சீல்களுக்குத்தான். புதிய சிலிண்டர் பொருத்தும்போதெல்லாம் அதன் முனையில் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயை ஒரு துளி விடுகிறேன். சிலிண்டர் துளைபடும்போது கேஸ் அதை வால்வுக்குள் கொண்டுசேர்க்கிறது. துளைக்கும் திருகை, சீறல் நின்ற பிறகும் இறுக்கிக்கொண்டே போவதுதான் சீல் நசுங்குவதற்கான முதல் காரணம். பயிற்சி முடிந்ததும் மிச்ச கேஸைப் பெல்லட் இல்லாமல் தடுப்பை நோக்கிச் சுட்டுத் தீர்த்து, மூடியை மெதுவாகத் தளர்த்திச் சிலிண்டரை எடுத்துவிடுகிறேன். இவ்வளவு செய்தும் ஓ-ரிங்குகள் எனும் வளையச் சீல்கள் காலப்போக்கில் இறுகிப் போகும், மாற்றியே ஆகவேண்டும். உதிரிச் சீல்கள் தனியாகக் கிடைக்காத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அதில் எதையும் விட முடியாது. சுடுபவரும் பார்ப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இலக்குக்குப் பின்னால் பெல்லட் பிடிப்பானும், அது தவறினாலும் தடுக்கும் சுவரும் வேண்டும். குண்டு ஏறாத பிஸ்டலையும் யாரை நோக்கியும் நீட்டக்கூடாது. பெல்லட் ஈயம் என்பதால் முடித்ததும் கைகழுவ வேண்டும். சிலிண்டர்களை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக்கூடாது. ஏர் பிஸ்டல் வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1988 சியோல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற காலத்தில் கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல்கள் போட்டிக் களத்திலும் இருந்தன. பின்னர் வெப்பநிலையால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத அழுத்தக் காற்று அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தீவிரப் போட்டியாளருக்கு அதுவே ஏற்றது. சிலிண்டர் செலவும் வேண்டாம், காற்று நிரப்பும் பம்பும் வேண்டாம் என்பவருக்கு, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒருமுறை நெம்பி அழுத்தும் பிஸ்டல் நல்ல மாற்று. கைக்கு உழைப்பு மட்டும் கூடும். பெரிய கருவிகள் இல்லாமல், மிதமான வெப்பமுள்ள உள்ளரங்கில், நிதானமாகப் பழக விரும்புபவருக்கு கேஸ் பிஸ்டலையே இன்றும் சொல்வேன். பழைய பிஸ்டலாக வாங்குவதென்றால், புதிய சிலிண்டரைப் பொருத்தச் சொல்லி ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு அட்டையில் நாற்பது முறை சுட்டுப் பாருங்கள். சீல் கசிந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.