வேறு ஸ்ரார்ட்டர் என்று சொல்லி என் பழைய ஸ்ரார்ட்டரையே பூட்டித் தந்தார்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்ரார்ட்டர் மோட்டருக்கு 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இன்னொருவருக்கும் இது நடக்கக் கூடாது.

என்னுடையது 1996ஆம் ஆண்டுக் கொரொல்லா, அப்பா வாங்கியது. மாசி மாதத்தில் ஒருநாள் காலை அம்மாவைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே ‘டக்’. பக்கத்து வீட்டுத் தம்பிமார் இரண்டு பேர் தள்ள, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு ஸ்ரார்ட் ஆக்கினோம். எஞ்சினை நிப்பாட்டப் பயந்து, அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனேன்.

அங்கே கராஜ்காரர் பொனற்றைத் திறந்து இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. வோல்ட் மீற்றரைக் கையில் எடுக்கவே இல்லை. “ஸ்ரார்ட்டர் முடிஞ்சுது அண்ணை. திருத்தினாலும் நிக்காது. கொழும்பில இருந்து ஜப்பான் ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் பூட்டித் தாறன்” என்றார். பாவித்ததைத் திருத்தியெடுத்தது என்று அர்த்தம். அம்மாவின் அவசரம் மண்டைக்குள் இருந்தது. சரி என்றேன். இரண்டாம் நாள் பின்னேரம் போனால், வெள்ளிநிறத்தில் பளபளவென்று ஒன்று பூட்டியிருந்தது. பழையதைக் கேட்டேன். “அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு.” பில் கேட்டேன். “புத்தகம் முடிஞ்சு போச்சு, பிறகு வாங்கோ.” அந்த இடத்திலேயே காசைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றிருக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று கிழமைதான். அதே ‘டக்’ திரும்பவும் வந்தது.

இந்த முறை சுன்னாகத்தில் இருக்கும் வயதான ஓட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டி வந்தேன். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோது, புதுச் சாமான் எதுவும் வராத நிலையில், மோட்டருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் கம்பியைக் கையால் சுற்றித் திருத்திய ஆள். அப்பாவுக்கும் அவரைத்தான் நம்பிக்கை.

முதலில் பற்றரியைச் சோதிக்க ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னார். பிறகு மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகற்றிவ்விலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். திருப்பும்போது 1.8 வோல்ட் காட்டியது. “அரை வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது தம்பி, எர்த் வயர் பிழை” என்றார். பற்றரியின் நெகற்றிவ்வை எஞ்சினோடு இணைக்கும் வயர் அது. கழற்றிப் பார்த்தால் எர்த் வயரின் முனை பச்சை பூத்து மாவாக உதிர்ந்தது. கடல் காற்று அடிக்கிற ஊரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். ஸ்ரார்ட்டரின் மின்காந்தச் சுவிட்சான சொலனோயிட் இழுக்கக் கொஞ்சக் கரன்ட் போதும், அதனால் ‘டக்’ என்று கேட்கும். மோட்டர் சுற்ற நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். அது கிடைக்காது.

அப்புறம் ஸ்ரார்ட்டரைக் கழற்றினார். துணியால் துடைத்தபடி பின்மூடியை விரலால் தடவிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். பேனாக் கத்தியால் வெள்ளிப் பெயின்ரைச் சுரண்டினார். உள்ளே மூன்று சிறிய புள்ளிகள். தான் திருத்தும் ஒவ்வொன்றிலும் சென்ரர் பஞ்ச் என்ற கூரான இரும்புக் கம்பியால் அவர் குத்தும் அடையாளம் அது. 2011இல் அப்பாவுக்கு மோட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுத்தபோது குத்தியது. எனக்குக் கை நடுங்கியது. காசைவிட, அப்பாவின் காரில் இப்படிச் செய்தார்களே என்பதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் காலத்து ரொயோட்டா ஸ்ரார்ட்டர்களின் சொலனோயிட்டுக்குள் இரண்டு செப்புக் கொன்ராக்ட் இருக்கும். என்னுடையதில் ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்து கரி பிடித்துக் கிடந்தது. அவற்றையும், அவற்றை இணைக்கும் பிளஞ்சரையும், எர்த் வயரையும் மாற்ற, கூலியோடு 6,500 ரூபாய். கராஜில் கழற்றிப் பூட்டும்போது வயர் முனைகள் கொஞ்சம் துப்புரவானதால்தான் அந்த மூன்று கிழமையும் ஓடியிருக்கிறது என்றார்.

கராஜுக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். “நாங்கள் பூட்டினது வேற, நீங்கள் மாத்திப்போட்டுக் கதைக்கிறியள்” என்கிறார்கள். என் கையில் பில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. பில் இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் இருக்கும், எனக்கு அது இல்லை.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து, 2025இல் அது திரும்பத் தொடங்கிய பிறகும், எத்தனையோ பேர் பழைய காரையே திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். அதனால் கேட்கிறேன்: கழற்றுவதற்கு முன் உங்கள் ஸ்ரார்ட்டரைப் போனில் படம் எடுங்கள், நம்பரும் தெரியும்படி. பழைய சாமானைக் கையில் வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள். அண்மையில் வெள்ளிப் பெயின்ற் அடித்த ரீகண்டிஷன் ஸ்ரார்ட்டர் யாருக்காவது பூட்டியிருந்தால், ஒருக்கால் சுரண்டிப் பாருங்கள்.