கொம்பறுக்கும் கம்பி ரம்பம்: கொம்புப் புற்றுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பி, இரண்டு கைப்பிடி. கருவி இவ்வளவுதான். வயிற்றிலேயே இறந்த கன்றைத் துண்டுபோட்டு எடுக்கும் அதே கம்பிதான் இது. வளர்ந்த மாட்டின் புற்று வந்த கொம்பை அடியோடு எடுக்க இதைவிட நம்பகமான கருவி இல்லை என்பது எங்கள் கருத்து.

கத்தரி போல நறுக்கும் கொம்பு வெட்டி வேகமாக வேலையை முடித்துவிடும். ஆனால் வயதான மாட்டில் அது நெற்றி எலும்பையே பிளந்துவிடலாம். கைரம்பம் நேர்க்கோட்டில்தான் போகும். கொம்பின் அடியோ வளைந்தது. கம்பி அந்த வளைவுக்குள் படிந்து உட்காரும். உரசும் சூட்டில் சிறு ரத்தக்குழாய்கள் கருகி அடைபடுவதால் கசிவும் குறையும். பெரிய தமனிகள் அப்படி அடைபடாது. அவற்றைத் தமனிக் கவ்வியால் பிடித்து முறுக்க வேண்டும், அல்லது கட்ட வேண்டும்.

ஒரு கொம்புக்குச் சுமார் 60 செ.மீ. கம்பி போதும். இரு கைகளையும் நன்றாக அகட்டிப் பிடித்து, முதலில் மெதுவாக இழுத்துத் தடம் போட்டபின் கம்பியின் முழு நீளமும் ஓடும்படி இழுக்க வேண்டும். கைகள் நெருங்கினால் கம்பி மடங்கும்; மடங்கிய இடத்தில்தான் அறும். குட்டையாக இழுத்தாலும் ஒரே இடம் பழுக்கச் சூடேறி அறுந்துபோகும். நடுவில் நிறுத்தினால் கம்பி எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும், மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அறும்போது முனை சாட்டை மாதிரி வீசும் என்பதால் தலையைப் பிடிப்பவர் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு நல்ல கருவியும் மரப்பு ஊசி சரியாக விழாவிட்டால் வெறும் சித்திரவதைதான். கண்ணின் வெளிமுனைக்கும் கொம்படிக்கும் நடுவில், நெற்றி எலும்பின் ஓர விளிம்புக்குச் சற்றுக் கீழே, 2 சதவீத லிக்னோகெய்ன் 5 முதல் 10 மி.லி. வரை போட வேண்டும். பருத்த கொம்பானால் அதன் பின்புறமும் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குக் கழுத்து நரம்பின் கிளைகள் வருகின்றன. மருந்து ஏறி மேலிமை தொங்குவதைப் பார்த்ததும் கத்தியை எடுக்கக் கூடாது. 10 நிமிடம் பொறுத்து, கொம்படியைச் சுற்றி ஊசியால் குத்திப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். படுக்கவைக்கச் சைலசின் கொடுப்பதானால் மாடு அந்த மருந்துக்கு மிகவும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்: தசையில் கிலோவுக்கு 0.1 மி.கி.யே தாராளம். நிறைசினை மாட்டுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது, கருப்பையைச் சுருங்கவைக்கும்.

கம்பியை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கொம்பைச் சுற்றி 1 செ.மீ. தள்ளித் தோலைக் கீறி, எலும்புவரை உரித்து விலக்கிவிட்டு, அந்தத் தோலுக்கு அடியில் கம்பியை வைக்க வேண்டும். தோலுக்கு மேலேயே வைத்து அறுத்தால் மூடுவதற்குத் தோல் மிஞ்சாது.

கொம்பு விழுந்ததும் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை திறந்துகொள்ளும். காலிஃபிளவர் போல நொறுங்கும் புற்றுச் சதை அங்கேதான் ஒளிந்திருக்கும். இதற்குக் கம்பியால் ஒரு பயனும் இல்லை. விரலாலும் சுரண்டியாலும் மூலை முடுக்கெல்லாம் வழித்தெடுத்து, உப்புநீரால் கழுவ வேண்டும். கொஞ்சம் விட்டாலும் மறுபடி வளரும். பிறகு 2 ஆம் எண் நைலானால் தைத்து, 10 முதல் 14 நாளில் தையலைப் பிரிக்கலாம். ஈ உட்காராத களிம்பைச் சுற்றிலும் தடவாவிட்டால் குழிக்குள் புழு வைத்துவிடும்.

தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டுவது, கொம்பை மரத்தில் தேய்ப்பது, அந்தப் பக்க மூக்கில் நாற்றத்தோடு ரத்தம் கலந்த சளி வருவது, கொம்பைத் தட்டினால் மந்தமான ஓசை கேட்பது: இந்தக் கட்டத்திலேயே வரும் மாட்டுக்குக் கம்பி நல்ல பலன் தரும். கொம்பு தளர்ந்து தொங்கி, காதடி நெறிகட்டி, கண்ணும் பிதுங்கிய மாட்டில் புற்று கம்பிக்கு எட்டாத இடம்வரை போயிருக்கும். அந்த மாட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரு முறை ஓட்டிய கம்பியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். கைப்பிடிகளை மட்டும் கொதிக்கவைத்துத் துடைத்துக் காயவைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.