பிளாண்டர்ஸா, ரூபேயா? இரண்டு கல் பாவிய பந்தயங்கள்

மகளிர் சைக்கிள் பருவத்தில் ஏப்ரல் மாதத்தின் இரு பெரும் பந்தயங்களிலும் கற்சாலைதான் தீர்ப்பு சொல்லும். ஆனால் கேட்கும் உடல் வேறு, சைக்கிள் வேறு.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பந்தயத்தில் (2004 முதல் மகளிருக்கும் உண்டு) கல்லோடு ஏற்றமும் சேர்கிறது. கடைசி ஏற்றமான பேட்டர்பெர்க் வெறும் 360 மீட்டர்தான். செங்குத்தான இடத்தில் சரிவு 20 சதவீதம். அங்கே எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மீது எடை குறைந்து, ஈரக்கல்லில் சக்கரம் வழுக்கும். முன்னால் ஒருத்தி காலை ஊன்றினால் பின்னால் வருபவர்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். அதனால் ஏற்றத்துக்கு முன்பே முதல் பத்துக்குள் இடம் பிடிக்க வேண்டும். லேசான கியரும் தேவை.

பிரான்சின் ரூபே (பாரிஸ்-ரூபே பந்தயம்), 2021-இல்தான் பெண்களுக்குத் திறந்தது. ஏற்றமே இல்லை, கரடுமுரடான கற்பாதைத் துண்டுகள்தான். டயர் 30 முதல் 32 மில்லிமீட்டர், காற்று குறைவாக. அதிகம் அடித்தால் சக்கரம் துள்ளிப் பிடிப்பு போகும். மிகவும் குறைத்தால் கல்லின் விளிம்பு ரிம்மை இடிக்கும். கைப்பிடியை இறுக்கினால் தோல் உரியும். முதல் ஆண்டு பிரிட்டனின் லிஸி டெய்க்னன் சுமார் 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி வென்றபோது, அவரது கைப்பிடி நாடாவில் ரத்தக்கறை இருந்தது.

பெல்ஜிய வீராங்கனை லோட்டே கோபெக்கி இரண்டையும் வென்றவர்: பிளாண்டர்ஸ் மூன்று முறை, ரூபே 2024-இல், பந்தயம் முடியும் வெலோட்ரோமில் (சைக்கிள் ஓட்ட அரங்கில்) கடைசி நேர வேகப் பாய்ச்சலில். எடை குறைந்த மலையேற்றக்காரிக்கு பிளாண்டர்ஸில் வாய்ப்புண்டு. ரூபேயில் சமதளத்தில் தொடர்ந்து வலுவாக மிதிப்பவருக்கே. பஞ்சர் ஒன்று போதும், எல்லாம் கைவிட்டுப் போகும் என்பதால் ரூபேதான் கொடியது என்பது எங்கள் கணிப்பு.