எங்கள் வீட்டு நிலவறைச் சுவர் இப்போது விளம்பரத்தில் ஓடுகிறது

முந்தநாள் இரவு முகநூலைத் தள்ளிக்கொண்டு போகையில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. ஈரக்கசிவு, பூஞ்சண மணம் எல்லாம் இரண்டே நாளில் தீரும், பத்து வருட உத்தரவாதம் என்று எழுதி, கீழே 'முன்', 'பின்' என்று இரண்டு படம். 'பின்' படத்தில் சாம்பல் நிறத்தில் மினுங்குகிற சுவர், மூலையில் பிடி உடைந்து கம்பி கட்டின ஒரு பச்சை வாளி. அந்த வாளி அம்மாவுடையது. சுவர் எங்கள் நிலவறைச் சுவர். 2024 ஆவணியில் இதே ஆட்கள் எங்களுக்கு அடித்த பெயின்ற் காய முதலே எடுத்த படத்தை இப்போது வேறு பெயரில், வேறு போன் நம்பரோடு போட்டு ஆள் பிடிக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கிற நேரம் இது, அதனால்தான் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் யார் நிலத்துக்குக் கீழே அறை கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். அண்ணா கட்டினார். கனடாவில் முப்பது வருடம் பேஸ்மென்ற் உள்ள வீட்டில் இருந்தவர், 2017இல் கொக்குவிலில் வீடு கட்டும்போது சாமான் போட ஓர் அறை கீழே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆறடிக்குச் சுண்ணக்கல்லை உடைத்து இறக்கினார்கள். அம்மா அதை 'நிலாவரை' என்றுதான் சொல்லுவா, நவக்கிரியில் இருக்கிற, அடி காணாதது என்று ஊர் சொல்லுகிற நிலாவரைக் கிணற்றை வைத்து நக்கல். அப்போது எல்லாரும் சிரித்தோம்.

மாரி தொடங்கினால் படியில் கால் வைக்கும்போதே மணம் வரும், நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்ட மாதிரி. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூக்கும், கையால் தட்டினால் மா மாதிரி கொட்டும். 2023 மாரியில் கல்யாண அல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, அம்மாவின் கூறைச் சேலையில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணா "என்ன செலவெண்டாலும் பரவாயில்லை, ஆளைப் பிடிச்சுச் செய்" என்றார். நான் பிடித்த ஆள்தான் இப்போது அந்த விளம்பரம் போடுகிறவர்.

வந்தவர் கொம்பனிப் பெயர் போட்ட சேட்டுடன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். கையில் இரண்டு ஊசி முனை உள்ள ஒரு மீற்றர். சுவரில் குத்தினார், சிவப்பு லைற் எரிந்து கீக் கீக் என்று கத்தியது. "பாத்தியளே அண்ணை, சுவர் முழுக்கத் தண்ணி." ஆவணி வெயிலில் அந்தச் சுவர் கைக்கு உலர்ந்துதான் இருந்தது, ஆனாலும் மெசின் சொல்லும்போது நாங்கள் என்ன சொல்ல? பிறகுதான் தெரிந்தது, அந்த வகை மீற்றர் மின்சாரம் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறது, சுவரில் உப்பு இருந்தாலும் கூட்டித்தான் காட்டும். அவர் கத்த வைத்த இடமெல்லாம் உப்புப் பூத்த இடம். இருபது நிமிடம் நின்றவர் பின்வளவுக்கு ஒருக்கால் கூடப் போகவில்லை. அங்கே பதினைந்து காலடி வைத்தால் கிணறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முழு விசயமும் அதில்தான் இருக்கிறது.

வெளிப்பக்கம் கிண்டிப் பூசத் தேவையில்லையா என்று கேட்டேன். சிரித்தார். "அது பழைய முறை அண்ணை, இது உள்ளுக்கு அடிச்சாலே காணும்." இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா, பாதிக்கு மேல் முற்பணம். இரண்டு பெடியன்கள் இரண்டு நாள் வேலை செய்தார்கள். உப்பை மேலால் தும்புத்தடியால் கூட்டிவிட்டு, பொருமிக் கிடந்த பூச்சைக் கொத்தாமலே இரண்டு கோட் அடித்தார்கள். கடைசியில் எலுமிச்சை வாசம் அடிக்கிற ஏதோ ஒன்றை அறை முழுக்க விசிறிக் கதவைப் பூட்டி, நாளைக்குத் திறவுங்கோ என்றார்கள். திறந்தபோது உண்மையாகவே நல்ல வாசம். நான்தான் படமெடுத்து அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன், மிச்சக் காசும் அன்றே வந்தது. உலர்ந்த மாதத்தில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான் என்பது எனக்கு அந்த நேரம் விளங்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில், பிறகு பெங்கல் புயலாக மாறிய அந்தத் தாழமுக்கம் வந்து ஊரே வெள்ளத்தில் நின்றதே, அந்தக் கிழமை கீழே இறங்கினேன். சுவரில் பலாக்கொட்டை அளவில் பொக்களங்கள், வரிசையாக, சில இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு கை அகலத்துக்குத் தொங்கிக்கொண்டு நின்றன. சட்டை ஊசியால் ஒன்றைக் குத்தினேன். தண்ணீர் பீச்சி என் கையில் பட்டது. பெயின்ற் றப்பர் மாதிரி நல்ல பெயின்ற்தான், கிழியவில்லை, ஆனால் சுவரை விட்டுக் கழன்று தண்ணீர்ப் பை ஆகிவிட்டது. சுவரும் நிலமும் சேருகிற மூலையிலிருந்து மெல்லியதாய் ஒரு கோடு போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மணமோ, முந்தின மணத்தோடு எலுமிச்சையும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டியது.

போன் எடுத்தேன். முதல் மூன்று நாள் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து, "அது நிலத்தடித் தண்ணி அண்ணை, எங்கட வரன்ரி பெயின்றுக்கு மட்டும்தான்" என்றார். அதற்குப் பிறகு நம்பர் வேலை செய்யவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் விலாசமே இல்லை, ஒரு போன் நம்பரும் கீறல் கையெழுத்தும். பத்து வருட உத்தரவாதம் என்பது வாயால் சொன்னது. இதில் என் பிழையும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

தை மாதம் ஒரு வயதான மேசன் ஐயா வந்தார். அறைக்குள் போக முதலே, "தம்பி, கிணறு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார். எட்டிப் பார்த்தார், ஒரு கயிறு இறக்கி அளந்தார். நிலமட்டத்திலிருந்து தண்ணீர் நாலரை அடி. ஆவணியில் பதின்மூன்று அடியில் கிடந்தது. "உங்கட அறைத் தளம் ஆறடி. மாரிக்கு அறை கிணத்துக்குள்ள நிக்குது. பெயின்ற் என்ன செய்யும்?" அவ்வளவுதான். எங்கள் ஊரில் மழை முக்கால்வாசியும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கும், வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல் அதைக் கெதியாக வாங்கிக் கிணற்று மட்டத்தை உயர்த்திவிடும். வெளியிலிருந்து தள்ளுகிற தண்ணீரை உள்ளே அடித்த சாதாரண பெயின்ற் தாங்காது, பின்னுக்கு நின்று தள்ளிக் கழற்றிவிடும். உள்ளுக்குள் அடிக்கக்கூடிய சீமெந்து வகைப் பூச்சுகள் இருக்கின்றன, கொங்கிறீற்றோடு சேர்ந்து இறுகுபவை, ஆனால் பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து வெறும் கொங்கிறீற்றில்தான் அதையும் போட வேண்டும் என்றார் ஐயா.

நாங்கள் செய்தது: ஒரு மூலையில் இரண்டடிக் குழி வெட்டி, சுவரோரமாகச் சின்ன வாய்க்கால் விட்டு, தண்ணீர் ஏற ஏறத் தானாக ஓடுகிற மிதவை சுவிச் உள்ள பம் ஒன்று இறக்கினோம். தண்ணீரை வளவின் தாழ்ந்த பக்கத்துக்கு, கிணற்றிலும் அறையிலும் இருந்து தூரமாக விட்டோம். கூரைப் பீலித் தண்ணீர் அதுவரை சுவரடியில்தான் விழுந்துகொண்டிருந்தது, அதையும் குழாய் போட்டுத் தள்ளிவிட்டோம், அதற்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மழை நேரம் கரண்ட் போனால் பம்மும் நின்றுவிடும், அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை. தையில் மிச்ச மழைக்குத் தாங்கியது, உண்மையான சோதனை வருகிற கார்த்திகைதான்.

தண்ணீர் நின்ற பிறகுதான் மணத்துக்கு மருந்து. பஞ்சு மெத்தை, காட்போட் பெட்டி, சாக்கு எல்லாம் வெளியே எறிந்தோம், பூஞ்சணம் ஊறினதைக் கழுவி எடுக்க முடியாது. கொங்கிறீற்றைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தும்பால் தேய்த்து, காற்றாடி வைத்துக் காய விட்டோம். நான் செய்த இன்னொரு மடைத்தனம், மழை நாட்களில் காற்று வரட்டும் என்று சின்ன யன்னலை இரவு பகலாகத் திறந்து வைத்தது. வெளிக் காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு இன்னும் வேர்க்கும். இப்போது ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று தொங்குகிறது, 60 வீதத்துக்கு மேல் போனால் யன்னலைச் சாத்தி ஈரம் உறிஞ்சுகிற மெசினைப் போடுவோம். தண்ணீரை மறிக்காமல் அந்த மெசினை வாங்கினால் கரண்ட் பில்தான் ஏறும்.

ஆளைக் கூப்பிட முதல் நீங்களே ஒன்று செய்யலாம். தடித்த பொலித்தீன் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நாலு பக்கமும் ரேப்பால் சுவரில் காற்றுப் போகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளால் வருகிறது, அறைப் பக்கம் வேர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. ஆனால் இதை மாரியில் செய்யுங்கள், ஆவணியில் ஒட்டினால் ஒன்றுமே காட்டாது. வருகிறவர் கிணற்றைப் பற்றிக் கேட்காவிட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மிச்சக் காசில் ஒரு பங்கை மார்கழி தாண்டித்தான் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். விலாசம் உள்ள பில்லும், உத்தரவாதம் எதற்கு எதற்கு என்று எழுத்திலும் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் எடுத்து முறையிடலாம், ஆனால் யார் மேல் என்று சொல்லக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்த விளம்பரத்தின் கீழே இது எங்கள் வீடு என்று எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள். மேசன் ஐயா மூன்று சுவரைக் கொத்திவிட்டார், நாலாவதை நான் விடவில்லை. பச்சை வாளிப் படம் உங்களுக்கும் வந்து, செய்வோமா என்று யோசித்தால் உள்பெட்டியில் ஒரு வரி போட்டுவிட்டுக் கொக்குவிலுக்கு வாருங்கள், பொக்களம் எல்லாம் அப்படியே இருக்கிறது, வாளியும் அதே மூலையில்தான்.