ஸ்டீயரிங் முனகலும் பெல்ட்டின் கீச்சொலியும்: 11 ஆண்டு அனுபவம்

எண்ணெய் அழுத்தத்தால் திருப்புவதை எளிதாக்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் கொண்ட ஒரே காரை 11 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இப்போது 1,62,000 கிலோமீட்டர் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை பெல்ட்டையும், ஒரு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஒரு ஐட்லர் புல்லி (பெல்ட்டின் பாதையைத் திருப்பும் சக்கரம்), ஒரு வாட்டர் பம்ப், ஒரு ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றையும் மாற்றியிருக்கிறேன். இவற்றில் ஸ்டீயரிங் பம்ப் மட்டும் தேவையே இல்லாமல் மாற்றப்பட்டது. சத்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஏற்பட்ட அந்த வீண் செலவுதான் இதை எழுத வைத்தது.

என் காரில் எஞ்சினின் முன்பக்கம் ஒரே பெல்ட்தான் ஓடுகிறது. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப், ஸ்டீயரிங் பம்ப் ஆகிய நான்கையும் அதுவே சுழற்றுவதால், எந்தப் புல்லியில் கோளாறு இருந்தாலும் சத்தம் எல்லாம் ஒரே மூலையிலிருந்து வருவதுபோலவே கேட்கும். ஆகவே 'எங்கிருந்து வருகிறது' என்று காதைத் தீட்டுவதற்கு முன், 'எப்போது வருகிறது' என்று குறித்துவைப்பதே எனக்குப் பெரும்பாலும் விடை கொடுத்திருக்கிறது. மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் உள்ள கார்களில் இந்தப் பம்பும் எண்ணெயும் கிடையாது என்பதால், கீழே சொல்லும் ஸ்டீயரிங் பம்ப், எண்ணெய் பற்றிய செய்திகள் அவற்றுக்குப் பொருந்தாது.

முதல் தொல்லை 58,000 கிலோமீட்டரில் தொடங்கியது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு விநாடி 'கிறீச்' என்று கத்தி அடங்கும். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் மறுபடி கத்தும். முழு ஒடிப்பில் பம்பின் அழுத்தம் உச்சத்துக்குப் போவதால் அதைச் சுழற்றும் பெல்ட்டுக்குச் சுமை கூடுகிறது; பிடிப்பு குறைந்த பெல்ட் அந்த நேரத்தில் வழுக்குகிறது. பெல்ட்டை மாற்றியதும் சத்தம் நின்றது. ஆனால் 63,000 கிலோமீட்டரில், மழை நாட்களில் மட்டும் திரும்பி வந்தது. அப்போது பெல்ட்டின் மீது அடிக்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கி அடித்தேன். அது ஒரு வாரம் அமைதி தந்தது, பிறகு அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக்கொண்டு முன்னைவிட மோசமானது. அந்த ஸ்பிரேயை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட வெறும் தண்ணீர் அதிகம் சொல்லும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்தேன். சத்தம் உடனே கூடியது. கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை என்று பொருள். மாறாக, விட்டுவிட்டு வரும் 'கிச் கிச்' ஒலி தண்ணீர் பட்டதும் சற்று நேரம் மறைந்து பிறகு திரும்பினால், ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். என் காரில் புதுப் பெல்ட் நன்றாகவே இருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷனரின் ஸ்பிரிங்தான் தளர்ந்திருந்தது. அதன் உடலில் உள்ள குறியைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: முள், அனுமதிக்கப்பட்ட எல்லைக்கோட்டைத் தாண்டியே நின்றது. இந்தச் சோதனைகளின்போது சட்டைக் கையை மடித்துவிட்டு, விரலை ஓடும் பெல்ட்டுக்கு ஒரு முழமாவது தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

பெல்ட்டைச் சோதிக்கும்போது வெடிப்பை மட்டும் தேடும் பழக்கம் பழைய ரப்பர் காலத்தது. இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரில் வருகின்றன. அவை எளிதில் வெடிப்பதில்லை, டயரைப்போல் மெல்லத் தேய்கின்றன. 60,000 கிலோமீட்டர் ஓடிய என் இரண்டாவது பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. ஆனால் புதியதையும் அதையும் அருகருகே வைத்து நகத்தால் வருடிப் பார்த்தபோது, புதியதில் கூர்மையான பள்ளத்தில் நகம் இறங்கி நின்றது. பழையதில் பள்ளத்தின் அடி அகன்று உருண்டிருந்ததால் நகம் வழுக்கிக்கொண்டு போனது. புதிது வாங்கும்போது பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 6பிகே 1750 என்றிருந்தால் 6 வரிகள், 1750 மில்லிமீட்டர் நீளம். கழற்றுவதற்கு முன் பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், மாட்டும்போது அரை மணி நேரம் மிச்சமாகும்.

இனி அந்தப் பம்ப் கதைக்கு வருகிறேன். 96,000 கிலோமீட்டரில் புதிதாக ஒரு முனகல் தொடங்கியது. இது கீச்சொலி அல்ல. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உயர்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உறுமலாக மாறும் கனத்த ஒலி. ஒரு மெக்கானிக் பானட்டைத் திறந்து பத்து விநாடி கேட்டுவிட்டு, "பம்ப் போயிடுச்சு சார்" என்றார். நானும் நம்பினேன். புதுப் பம்ப் மாட்டிய மூன்றாவது வாரம் அதே முனகல் திரும்பியது.

அதன் பிறகுதான் நானே எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய், சோப்பு நுரைபோல் சிறுசிறு குமிழிகளோடு வெளுத்திருந்தது. எஞ்சினை அணைத்ததும் தொட்டியில் மட்டம் கண்ணெதிரே ஏறியது. எண்ணெயில் காற்று கலந்திருந்தால் இப்படித்தான் நடக்கும்: பம்ப் ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று, அது நின்றதும் விரிந்து எண்ணெயை மேலே தள்ளுகிறது. இந்த ஏற்றம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சில தயாரிப்பாளர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளே குறிப்பிடுகின்றன. என் தொட்டியில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏறியது.

அடுத்த கேள்வி, தொட்டியிலிருந்து எண்ணெய் கீழே சொட்டாதபோது காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்பது. தொட்டியிலிருந்து பம்புக்கு எண்ணெய் போகும் தடித்த ஓஸ், உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் அதில் அழுத்தம் மிகக் குறைவு. அதன் பொருத்து சற்றே தளர்ந்தால் எண்ணெய் வெளியே கசிவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த ஓஸின் கிளிப்புக்கு அருகே, தொட்டி ஓரத்தில், எஞ்சின் ஓடும்போதே இரு விரலால் அழுத்திப் பிடித்தேன், முனகல் தணிந்தது. விரலை எடுத்தேன், மறுபடி ஏறியது. ஏழு ஆண்டு வெப்பத்தில் ஓஸின் முனை மரத்துக் கெட்டியாகி, கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் குழாயைக் கவ்வாத நிலைக்கு வந்திருந்தது. கைச்சாண் நீளமுள்ள அந்த ஓஸையும் கிளிப்பையும் மாற்றினேன். தொட்டியின் அடியில் இருந்த சல்லடை கறுப்புத் துகளால் பாதி அடைபட்டிருந்ததால் தொட்டியையும் மாற்றினேன். சத்தம் அத்துடன் நின்றது. கழற்றிய பழைய பம்ப் இன்னும் என்னிடம் இருக்கிறது; அதன் தண்டு இன்றும் ஆட்டமில்லாமல் சுற்றுகிறது.

காற்றை வெளியேற்றுவதில் அவசரம் கூடாது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பாமலே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக இருபது முறை திருப்பி, மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டால் பம்ப் அந்தக் காற்றை எண்ணெயோடு கடைந்து நுரையாக்கிவிடும். பிறகு அது அடங்க ஓர் இரவு ஆகலாம். எண்ணெயைப் பொறுத்தவரை மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். சில கார்களுக்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், சிலவற்றுக்குத் தனி வகை. பிரேக் ஆயிலைத் தவறி ஊற்றினால் உள்ளிருக்கும் சீல்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துப் பிடிக்கும்போது வரும் மெல்லிய 'ஸ்ஸ்' சீறல் கோளாறு அல்ல. பம்பின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறக்கும் ஒலி அது. ஆனால் அந்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் எண்ணெய் வேகமாகச் சூடேறும்.

வாட்டர் பம்ப் 1,18,000 கிலோமீட்டரில் தானே அறிவித்துவிட்டது. அதன் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் காய்ந்து வெளிறிய தடம் இருந்தது. புல்லியைக் கையால் ஆட்டினால் லேசாக அசைந்தது. பெல்ட்டையும் அப்போதே மாற்றினேன், எப்படியும் கழற்ற வேண்டியிருந்ததால். 1,41,000 கிலோமீட்டரில் வந்த கரகரப்புக்கு ஐட்லர் பேரிங் காரணம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்தின் அசையாத உடலிலும் வைத்து, பிடியைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டதில் ஐட்லரின் போல்ட் தலையில் மட்டும் மணல் அரைபடுவதுபோல் கேட்டது.

ஸ்டீயரிங் சத்தம் என்று நான் நினைத்த இன்னொன்று ஸ்டீயரிங்கே அல்ல. நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோல் 'டொய்ங்' என்று ஒலித்தது; சஸ்பென்ஷனின் மேல் மவுன்ட் பேரிங் இறுகிப்போயிருந்தது. வண்டி நகரும்போது மட்டும், வளைவில் 'டக் டக்' என்று வேகத்துக்கேற்ப அடித்தால் ஆக்சில் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். மேடுபள்ளத்தில் லொடலொடத்தால் ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ரேக்கையும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பெல்ட் இப்போது 44,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டென்ஷனர் முள் எல்லைக்குள் நிற்கிறது. எண்ணெயில் குமிழி இல்லை. வலப்பக்கம் ரேக்கை மூடும் ரப்பர் உறையின் மடிப்பு ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல் தெரிகிறது. தண்ணீர் உள்ளே போவதற்கு முன் அதை அடுத்த வாரம் மாற்றப் போகிறேன்.